ஒரே கம்பெனி, ஒரே கார். சர்வீஸ் மட்டும் ஏன் பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது?

கேள்வி இதுதான். மதுரையில் இருந்தவரை ஒருவர் தன் காரை அங்கிருந்த அங்கீகாரம் பெற்ற டீலரிடம் சர்வீஸுக்கு விட்டு வந்தார். சொன்ன வேலையைச் செய்தார்கள், பில்லும் எதிர்பார்த்த அளவில் வந்தது. வேலை மாறிச் சென்னைக்கு வந்த பிறகு அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் விட்டால் பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. முன்பக்கம் வந்த சத்தம் அப்படியே இருக்கிறது. கம்பெனி ஒன்றுதானே, சர்வீஸ் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது, அடுத்த காரை வேறு பிராண்டில் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

டீலர் பட்டறைகளில் சர்வீஸ் அட்வைசராக, அதாவது வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் குறையைக் கேட்டு எழுதும் ஆளாகத் தொடங்கி மேனேஜர் பொறுப்பு வரை பார்த்தவன் நான். பிராண்டை மாற்றுவதால் இந்தப் பிரச்சினை தீராது, பட்டறையை மாற்றினால் பெரும்பாலும் தீரும் என்பதுதான் என் பதில். பட்டறைக்குள்ளேயும் வண்டியை யார் கையில் கொடுக்கிறோம் என்பது முக்கியம். ஏன் இப்படி என்று புரிய, அங்கே பணம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசலில் மாருதி, ஹூண்டாய், டாடா என்று எந்தப் பலகை இருந்தாலும் அந்த இடம் பொதுவாக அந்தக் கம்பெனிக்குச் சொந்தம் கிடையாது. கட்டடம், லிஃப்ட், ஊழியர், சம்பளம் எல்லாம் டீலர் என்ற தனி முதலாளியுடைய பொறுப்பு. காரையும் ஸ்பேர்ஸையும் அவர் தன் பணத்திலோ வங்கிக் கடனிலோ கம்பெனியிடம் வாங்கி நமக்கு விற்கிறார். கம்பெனி பயிற்சி கொடுக்கும், என்னென்ன கருவி வேண்டும் என்று சொல்லும், சுவருக்கு அடிக்கும் வண்ணத்தைக்கூட முடிவு செய்யும், அவ்வப்போது ஆள் அனுப்பித் தணிக்கை செய்யும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்திய பையன் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தானா இல்லையா என்பது கம்பெனிக்குத் தெரியாது.

சட்டமும் இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2011 மாடலுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே ஓடியிருந்த 2009 மாடல் காரை ஒரு டீலர் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படாத நிலையில் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவரும் தனித்தனி வியாபாரிகள் என்பதுதான் அடிப்படை. ஆகவே ஒரே நகரத்தில் ஒரே பிராண்டுக்கு ஐந்து டீலர் இருந்தால், ஐந்து முதலாளிகள், ஐந்து விதமான புத்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மிகவும் மெல்லியது. பக்கத்துத் தெரு டீலரோடு போட்டி போட்டுத் தள்ளுபடி கொடுத்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். வாடகை, மின்சாரம், சம்பளம் ஆகியவற்றைத் தாங்குவது சர்வீஸ், ஸ்பேர்ஸ், டிங்கரிங்–பெயிண்டிங், இன்ஷூரன்ஸ் கமிஷன் ஆகிய வருமானங்கள்தான். டீலர்ஷிப்பின் நிலையான செலவில் எத்தனை சதவீதத்தை சர்வீஸ் பிரிவின் வருமானம் தாங்குகிறது என்று கணக்குப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். முதலாளி சர்வீஸ் மேனேஜரிடம் மாதாமாதம் கேட்கும் முதல் கேள்வியும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்த வருமானத்தைக் கூட்ட இரண்டு வழிகள். ஒன்று, வாடிக்கையாளர் பத்து வருடம் தொடர்ந்து வரும்படி நடந்துகொள்வது. மற்றொன்று, இன்று உள்ளே வந்த வண்டியிலிருந்து எவ்வளவு எடுக்க முடியுமோ எடுப்பது. முதல் வழிக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவது வழி இந்த மாத இறுதியிலேயே கணக்கில் தெரியும். உங்கள் மதுரை டீலரும் சென்னை டீலரும் வேறுபட்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதில் வாடிக்கையாளர் கண்ணில் படாத விஷயம், ஒரு அட்வைசர் ஒரு நாளில் எத்தனை வண்டி எடுக்கிறார் என்பது. சர்வீஸ் தரத்தைத் தீர்மானிப்பதில் இதற்கு இணையான வேறொன்றை நான் பார்த்ததில்லை. காலை எட்டரையிலிருந்து பத்தரை வரைதான் பெரும்பாலான வண்டிகள் வந்து சேரும். எட்டு, பத்து வண்டி எடுக்கும் அட்வைசர் உங்களோடு வண்டியைச் சுற்றி வருவார், பானெட்டைத் திறப்பார், சத்தம் எப்போது வருகிறது என்று கேட்பார், தேவைப்பட்டால் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். இருபது வண்டி எடுப்பவரால் எழுதத்தான் முடியும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கு நேரமில்லை. "லெஃப்ட் சைடு முன்னாடி, ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறும்போது டக்கு டக்குன்னு சத்தம் வருது, ஏ.சி. போட்டாலும் போடாட்டியும் வருது" என்று நீங்கள் விளக்கமாகச் சொன்னது, ஜாப் கார்டில், அதாவது பட்டறைக்குள் போகும் வேலைச் சீட்டில், "முன்பக்கச் சத்தம் – செக்" என்று மூன்றே சொல்லாகிவிடும்.

மெக்கானிக் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் வருவது அந்த மூன்று சொல்தான். ரேம்பில் ஏற்றி, போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்து, "செக்டு, ஓகே" என்று எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். சத்தம் ஏன் அப்படியே இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்குப் பத்தில் எட்டு முறை காரணம் இதுதான். மெக்கானிக்குக் கைவேலை தெரியாததால் அல்ல. சேதி அவரிடம் போய்ச் சேரவேயில்லை.

இப்போது பில்லுக்கு வருவோம். அட்வைசரின் சம்பளத்தில் ஒரு பகுதி ஊக்கத்தொகை. பல இடங்களில் அது, அட்டவணைப்படியான வேலைக்கு மேல் அவர் விற்கும் கூடுதல் வேலைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. என்ஜின் ஃப்ளஷ் (என்ஜினின் உட்புறத்தை ரசாயனத்தால் கழுவுவது), ஏ.சி. டிஸ்இன்ஃபெக்டண்ட், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் கோட்டிங், என்ஜின் டிரெஸ்ஸிங், இன்டீரியர் கிளீனிங், எலி வராமலிருக்க ஸ்ப்ரே. இவற்றில் பலவற்றுக்குப் பயன்படும் ரசாயனத்தின் அடக்கவிலைக்கும் பில்லில் போடும் விலைக்கும் நிறைய இடைவெளி உண்டு. மாதக் கடைசி வாரத்தில் இலக்கு எட்டவில்லை என்றால் நெருக்கடி மேனேஜரிடமிருந்து அட்வைசருக்கு இறங்கி, அவரிடமிருந்து உங்கள் பில்லுக்கு வந்து சேரும்.

இவை எல்லாமே ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. கடற்கரையை ஒட்டி வசிப்பவருக்கு அண்டர்பாடி கோட்டிங் உண்மையிலேயே பயன்படும். நெடுநாள் ஓடிய வண்டியில் ஐடிலிங், அதாவது நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது, சரியில்லை என்றால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது சரியான வைத்தியம். பிரேக் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது நம் ஊர் தூசிக்கும் மழைக்கும் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. அதற்கு லேபர் போட்டால் கொடுங்கள். ஆனால் புது என்ஜினுக்கு முதல் வருடத்திலேயே ஃப்ளஷ் வேண்டும் என்று நான் கையாண்ட எந்தக் காரின் மேனுவலிலும் இல்லை.

அந்த மேனுவல்தான் உங்கள் ஆயுதம். உங்கள் காரின் டாஷ்போர்டு அறையில் பிரிக்காத கவரில் கிடக்கும் புத்தகத்தில், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பரிசோதித்தால் போதும் என்று அட்டவணை இருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்வைசர் ஏதாவது சொன்னால், "இது மேனுவல்ல இந்த சர்வீஸ்ல வருதாங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல அட்வைசர், "வரல சார், ஆனா உங்க வண்டியில இந்தக் காரணத்துக்காகச் சொல்றேன்" என்று காரணத்தைக் காட்டுவார். மற்றவர் அந்த வரியைப் பேசாமல் அடித்துவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நல்லதுதான்.

பில்லை வரிவரியாகப் படிப்பதும் பெரிய வித்தை இல்லை. பாகங்களின் எம்.ஆர்.பி. எந்த ஊரிலும் ஒன்றுதான். லேபர் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பெருநகரங்களில் அதிகம். ஆகவே சென்னையில் லேபர் கொஞ்சம் கூடியிருந்தால் அதில் தவறில்லை. வரியைப் பொறுத்தவரை, லேபருக்கு முன்பிருந்தே 18 சதவீத ஜி.எஸ்.டி.; பெரும்பாலான உதிரி பாகங்களுக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய பில்லோடு ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள். என்ஜின் ஆயில் அளவையும் பாருங்கள். சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 3.5 லிட்டர்தான் பிடிக்கும். உங்கள் என்ஜினுக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். அதற்கு மேல் பில் போட்டிருந்தால் கேளுங்கள்.

இலவச சர்வீஸ் விஷயத்தில் ஒரு தவறான எதிர்பார்ப்பு பரவலாக இருக்கிறது. பொதுவாக அங்கே இலவசம் என்பது லேபர் மட்டும். ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். அந்த லேபருக்கும் கம்பெனி டீலருக்கு ஒரு தொகை தரும். பணம் கட்டும் வாடிக்கையாளரிடம் டீலர் வாங்கும் லேபரைவிட அது பொதுவாகக் குறைவு. அதனால்தான் சில பட்டறைகளில் இலவச சர்வீஸ் வண்டிகளை ஜூனியர் கையில் தள்ளிவிடுகிறார்கள். நல்ல பட்டறையில் இந்த வேறுபாடு இருக்காது, ஏனென்றால் முதல் மூன்று வருகைகளில்தான் ஒருவர் அங்கே தொடர்ந்து வருவாரா என்பது முடிவாகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

வாரண்டி இன்னும் நுட்பமானது. வாரண்டியில் பாகம் மாற்றினால் டீலர் முதலில் தன் கையிருப்பிலிருந்து போட்டுவிட்டு, பிறகு கம்பெனியிடம் கிளெய்ம் போட வேண்டும். பழைய பாகத்தைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும். ஆவணம் சரியில்லை, பழுதுக்கான காரணம் சரியாக எழுதப்படவில்லை என்று கம்பெனி நிராகரித்தால் நஷ்டம் டீலருக்கு. அதனால் திறமையான வாரண்டி ஆள் இல்லாத பட்டறைக்குச் சுலபமான பதில் ஒன்று கைவசம் உண்டு: "சார், இது இந்த மாடல்ல எல்லா வண்டியிலயும் வரும்."

அது சில சமயம் உண்மைதான். உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே மாடலில் அங்கேயே நிற்கும் வேறொரு வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வது. ஷோரூமின் டெமோ வண்டி இருந்தால் அதைக் கேளுங்கள். தயங்காமல் சாவியை எடுத்து வரும் இடத்தை நம்பலாம். பிடிபடாத பழுது என்றால் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதும் வழி எல்லா டீலருக்கும் இருக்கிறது, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரும் பட்டறைக்கு வந்து போவார். அவர் அடுத்து வரும் நாளில் உங்கள் வண்டியைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம் அந்த "பத்துக்குப் பத்து" விவகாரம். சர்வீஸ் முடிந்து சில நாளில் கம்பெனியிலிருந்து போன் வரும், எத்தனை மார்க் என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் திருப்தியை அளக்கும் ஜே.டி. பவர் போன்ற நிறுவனங்கள் நடத்திய ஆய்வுகளில், சர்வீஸுக்கு வண்டியை எடுத்துக்கொள்ளும் விதம், அட்வைசர், இடவசதி, டெலிவரி, வேலையின் தரம் என்று பிரித்துப் பார்த்தார்கள். இந்த அளவீடு நல்ல நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் அதை அட்வைசரின் ஊக்கத்தொகையோடு கட்டிய பிறகு, டெலிவரி கவுண்டரில் "சார், கால் வரும், பத்து போட்ருங்க சார், ஒன்பது போட்டா எனக்கு ஜீரோதான்" என்ற கெஞ்சல் தொடங்கியது. அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. சில கணக்குமுறைகளில் ஒன்பதுக்கு உண்மையிலேயே பலன் கிடையாது.

இதனால் நேர்ந்த கெடுதல் என்னவென்றால், கம்பெனியின் கையில் இருக்கும் எண்களில் நல்ல பட்டறையும் மோசமான பட்டறையும் ஒரே மாதிரி தெரிகின்றன. இரக்கப்பட்டுப் பத்து போடாதீர்கள். வேலை நன்றாக இருந்தால் பத்து போட்டு, அட்வைசர் பெயரையும் மெக்கானிக் பெயரையும் சொல்லிப் பாராட்டுங்கள். இல்லையென்றால் உண்மையான மார்க்கைப் போட்டு, தவறு அட்வைசருடையதா, பட்டறையின் ஏற்பாட்டில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒழுங்காக உழைக்கும் ஆட்களை நம்மால் காப்பாற்ற முடிகிற இடம் அந்த அழைப்புதான். கூகுளில் கவுண்டரிலேயே நின்று போட்ட ஐந்து நட்சத்திரங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டுக் காரணம் எழுதியவர்களைத்தான் படிப்பேன். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் அது அந்த இடத்தின் பழக்கம்.

சிறிய ஊர், பெரிய ஊர் வேறுபாட்டுக்கு வருகிறேன். மதுரை, காரைக்குடி, பொள்ளாச்சி போன்ற ஊர்களில் டீலர் முதலாளியே பட்டறைக்கு வந்து உட்காருவது சகஜம். வாடிக்கையாளர் அவருடைய உறவினருக்குத் தெரிந்தவராகவோ அதே கோயில் கமிட்டியில் இருப்பவராகவோ இருப்பார். கெட்ட பெயர் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். மெக்கானிக்குகளும் உள்ளூர்ப் பையன்கள், வீடு பக்கத்தில், அதனால் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பார்கள். பெருநகரத்தில் ஐ.டி.ஐ. முடித்து வந்தவருக்குக் கம்பெனி பயிற்சி கிடைத்து, வேலை கைக்கு வந்ததும், கொஞ்சம் அதிகச் சம்பளத்துக்கு அடுத்த பிராண்டுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேர் கற்றுக்கொண்டிருப்பவர்கள். சம்பளம் சரியாகக் கொடுக்காத வரை எந்தப் பயிற்சி மையமும் இதைச் சரிசெய்யாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் சிறிய ஊருக்கும் எல்லை உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஹைபிரிட், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியின் தொல்லை, பெரிய விபத்தில் பாடி வேலை, இவற்றுக்கெல்லாம் பெரிய பட்டறையில்தான் அனுபவமுள்ள ஆளும் பாகக் கையிருப்பும் நல்ல பெயிண்ட் பூத்தும் இருக்கும். வழக்கமான சர்வீஸுக்கு ஒரு இடம், சிக்கலான வேலைக்கு வேறொரு இடம் என்று வைத்துக்கொள்வதில் தவறேயில்லை. ஒரு டீலரிடம் கார் வாங்கினால் அவரிடமேதான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அதே பிராண்டின் அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டறையிலும் வாரண்டி செல்லும்.

பலகையைவிட முதலாளியின் கணக்குத்தான் முக்கியம் என்பதற்கு ஃபோர்டு நல்ல உதாரணம். இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அறிவித்ததும், மறைமலை நகர் தொழிற்சாலை இருக்கும் நம் பகுதியிலேயே அந்தக் கார் வைத்திருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். விற்பனை நின்றதால் பல ஷோரூம்கள் மூடப்பட்டன. தொடர்ந்து நடந்த பட்டறைகளுக்குப் புதுக் காரும் இல்லை, புது வாடிக்கையாளரும் இல்லை. இருக்கும் வண்டிகள் திரும்பி வந்தால்தான் பிழைப்பு. அந்த நெருக்கடியில் சில இடங்களில் போன் செய்து நினைவூட்டுவதும், பாகத்தைத் தேடி வரவழைப்பதும் முன்பைவிட நன்றாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் குறைந்த பட்டறையில் அட்வைசருக்கு நேரம் கிடைக்கிறது, மெக்கானிக்குக் கவனம் கிடைக்கிறது.

சரி, சென்னையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? வண்டியை விடுவதற்கு முன் ஒரு நாள் காலை ஒன்பது மணி அளவில் சும்மா போய் அரை மணி நேரம் வரவேற்பறையில் உட்காருங்கள். அட்வைசர்கள் வண்டியருகே நிற்கிறார்களா, கணினியை விட்டு எழுந்திருக்கவே இல்லையா என்று பாருங்கள். பட்டறைத் தளத்தைப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி உள்ளே விடாவிட்டாலும், கண்ணாடி வழியாகவாவது பார்க்க முடியும் இடம் நல்லது. மாலை ஐந்தரை மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். டெலிவரிக்குக் காத்திருப்பவர்களின் முகமும், அட்வைசர் பில்லை விளக்குகிறாரா, கையெழுத்தை மட்டும் வாங்குகிறாரா என்பதும் எந்த விளம்பரத்தைவிடவும் உண்மையைச் சொல்லும். காபி மெஷினும் ஏ.சி. ஹாலும் வேலையின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

வண்டியை விடும் நாளைச் செவ்வாய், புதன், வியாழனில் வைத்துக்கொள்ளுங்கள். சனி, திங்கள், மாதத்தின் கடைசி வாரம் வேண்டாம். முதல் ஸ்லாட் கேளுங்கள். குறைகளை ஒரு தாளில் எழுதி, எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு, "இதை அப்படியே ஜாப் கார்டுல ஏத்துங்க" என்று சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சத்தம் மாதிரி குறை என்றால், மெக்கானிக்கையோ ஃப்ளோர் சூப்பர்வைசரையோ பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகிய மூன்று சஸ்பென்ஷன் பாகங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டிப் பார்த்தால் அனுபவமுள்ள ஆள் சீக்கிரம் பிடித்துவிடுவார்.

எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும், அதற்கு மேல் எந்த வேலையும் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டியில் மாற்றியதைத் தர மாட்டார்கள், அது கம்பெனிக்குப் போக வேண்டியது. நீங்கள் பணம் கொடுத்து மாற்றியதைக் கேட்டு வாங்கலாம். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நல்ல பட்டறையில் அவர்களே எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குறை தீரவில்லை என்றால் படிப்படியாகப் போங்கள். கவுண்டரில் குரல் உயர்த்துவதால் அட்வைசர் மனம் நோகுமே தவிர வேலை நடக்காது. முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு, பிறகு டீலர் முதலாளிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல். ஜாப் கார்டு, பில், படங்கள் இணைத்து, எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சர்வீஸுக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முன்னே சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைவில் வைத்து, வேலையில் நேர்ந்த குறைக்கு டீலரையும், தயாரிப்புக் குறைக்குக் கம்பெனியையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு வெளிப் பட்டறைக்குப் போகலாமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். தாராளமாகப் போகலாம். உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட பழுதுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதால் நடைமுறையில் இன்னும் வாரண்டிக் காலத்தில் வெளியே போனால் வாக்குவாதம் வரும். அதனால் வாரண்டி முடியும்வரை அங்கீகாரம் பெற்ற இடத்திலேயே இருப்பது நிம்மதி. அதன் பிறகு ஆயில், பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச் போன்ற வேலைகளை நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் செலவு நன்றாகவே குறையும். ஏர்பேக், கம்ப்யூட்டர் கோடிங், சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியவற்றை மட்டும் டீலரிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகிறவர்கள் தவறவிடும் ஒன்று ரீகால். ஏதாவது ஒரு பாகத்தில் தயாரிப்புக் குறை தெரியவந்து கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் அந்த வேலை இலவசம். டீலரிடம் போவதை நிறுத்தியவருக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் அந்தத் தகவல் பழைய போன் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது எந்த அங்கீகாரம் பெற்ற பட்டறைக்காவது போன் செய்து சேசிஸ் எண்ணைச் சொல்லி "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.